மைக்ரோ வகுப்பில் தலையாட்டியவர்கள்

"சார், எனக்குப் புரியல" என்று இன்றும் நான் சொல்லவில்லை.

எம்.ஏ. எகனாமிக்ஸில் மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பு. "இதெல்லாம் பி.ஏ.லயே படிச்சிருப்பீங்க" என்று சார் ஒரு போர்டு முழுக்க எழுதி அழித்துவிட்டார். நான் பி.ஏ.வில் படித்தது ஆங்கில இலக்கியம். தலையாட்டினேன்.

தரமணியில் ரயில் ஏறியதும், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஜெனிஃபர், விலங்கியல் முடித்து வந்தவள், மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு டி.சி. வாங்கிட்டுப் போயிடப் போறேன்டி. கிளாஸ்ல எனக்கு மட்டும்தான் ஒண்ணும் ஏறல."

"எனக்கும்தான் ஏறல."

"சும்மா சொல்லாத. நீ தலையாட்டின, பார்த்தேன்."

"நீ ஆட்டினதைப் பார்த்துத்தான் ஆட்டினேன்."

"அடிப்பாவி! நான் உன்னைப் பார்த்துல்ல ஆட்டினேன்!"

இப்படியே ஒரு வகுப்பு மொத்தமும் பட்டம் வாங்கிவிடலாம் போல. வாங்கியவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லவும்.

திருவான்மியூரில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பிப் போனோம். சார் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபடி திறந்து, முதல் பாடமான டிமாண்ட் கர்விலிருந்து ஆரம்பித்தார்.