புற்றின் மேல் ஒரு குப்பி

பார்சல் வந்த வெள்ளிக்கிழமை காலை, பட்டாபிராம் வீட்டில் அம்மாவும் பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவும்தான் இருந்தார்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்டில். நான் கல்லூரி ஆய்வகத்தில். பார்சல் சனிக்கிழமைதான் வரும், அன்று ஆய்வகம் பூட்டியிருக்கும் என்று வீட்டு முகவரி கொடுத்திருந்தேன். ஒரு நாள் முந்திக்கொண்டது.

தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பைகள், நடுவே ஒரு சின்னக் குப்பி, அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. நாகப்பாம்பு விஷத்திலுள்ள ஒரு புரதத்தின் சிறு துண்டைப் பார்த்து, அதே அமினோ அமில வரிசையில் இயந்திரத்தில் கோத்த பெப்டைடு. வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமிகளை அது கொல்கிறதா, புற்றுநோய் செல்களை என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் 'பாம்பு விஷத்துல மருந்து' என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

மாலை வந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடந்தது, குப்பி இல்லை. அம்மா அதை அம்மன் கோயில் புற்றின் மேல் மஞ்சள் குங்குமம் இட்டு, முட்டையும் பாலும் வைத்துவிட்டு வந்திருந்தாள். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம். ஓடிப்போய் எடுத்தேன். மூடி திறந்திருக்கவில்லை.

இது பாம்பிலிருந்து எடுத்ததே இல்லை, மெஷினில் செய்தது என்றேன் அம்மாவிடம்.

"அப்ப பாம்பு வெஷம், பாம்பு வெஷம்னு தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சியே, அது இன்னாடா? புள்ளத்தாச்சி கீற ஊட்ல அத வெச்சுகினு நான் இன்னா பண்ணட்டும்?"

குப்பியின் மேலிருந்த குங்குமத்தைத் துடைத்தேன். பொடி கெட்டிருக்கும் என்ற பயம் எனக்கு இல்லை. அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தவனே நான். உள்ளே கந்தகப் பிணைப்புகளால் முடிச்சுப் போட்டதுபோல் மடிந்து நிற்பது அது. உலர்ந்த பொடியாக இருக்கும்வரை வெயில் அதை எளிதில் குலைக்காது.

திங்களன்று பேராசிரியையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கெட்டிருக்காது என்பது உன் நம்பிக்கை, அதை ஆய்வேட்டில் எழுத முடியாது, புதிதாக ஒன்று வரவழைத்து இரண்டையும் சேர்த்துச் சோதி என்றார். ஆய்வு நிதி தீர்ந்திருந்தது. அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்தாள், அப்பா மீதியைப் போட்டார்.

கிருமி பரப்பிய தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இட்டேன். மறுநாள் இரண்டைச் சுற்றியும் கிருமி முளைக்காத தெளிவான வட்டம், ஒரே அளவில். மூன்று முறை செய்தும் அதே. வெப்பம் தாங்கும் தன்மை என்று ஆய்வேட்டில் தனிப் பகுதியே சேர்ந்தது.

"அப்ப பழசே போதுமா இருந்துச்சா நைனா?" என்றாள் அம்மா.

புதிய குப்பி, ஐஸ் பெட்டி, வரி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.