ஒரு கேலன் பாகுக்கு எத்தனை கேலன் சாறு

வெர்மான்ட் மலைச்சரிவில் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் மார்ச் மாதம் லோர்னாவுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. சாறு காய்ச்சும் கொப்பரையிலிருந்து கண்ணை எடுத்தால் பாகு அடிபிடித்துவிடும். அப்படியொரு நாளாகப் பார்த்துத்தான் தேயர் டீச்சர் வந்து சேர்ந்தார்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் அவர். கையெழுத்து கிடைக்காவிட்டால் பத்து வயது டாபித்தா மறுபடி பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே கணக்கு நோட்டைக் கண்டாலே வாந்தி எடுத்த பெண் அவள். பெற்றவளுக்குப் பொறுக்குமா? வீட்டுக்கு அழைத்து வந்து ரொட்டி மாவிலும் விறகடுக்கிலும் கணக்கைக் காட்டினாள் லோர்னா. பிள்ளை சிரிக்கத் தொடங்கினாள். ஆனால் டீச்சரிடம் நீட்ட ஒரு தாள்கூட இல்லை.

"நோட்டு எங்கே லோர்னா?"

"கொட்டகைக் கதவுல இருக்கு டீச்சர்."

கதவு முழுக்கச் சாக்பீஸ் கிறுக்கல்.

"கதவைக் கழட்டியா ஆபீசுக்கு அனுப்பறது? சரி, நானே கேக்கறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது." டீச்சர் சிறுமியிடம் திரும்பினார். "ஒரு கேலன் பாகு காய்ச்ச எத்தனை கேலன் சாறு வேணும்?"

லோர்னாவுக்கு உயிர் வந்தது. தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த விடை: நாற்பது.

"ஐம்பத்தேழு," என்றாள் டாபித்தா.

டீச்சரின் பேனா நின்றது. பாழாய்ப்போன பெண், தெரிந்ததைச் சொல்லித் தொலைக்க மாட்டாளா! லோர்னா கத்த வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் நாப்பதுன்னுதானே சொல்லுவாங்க, கண்ணு?"

"அது நல்ல சாறுக்கு. இந்த வாரம் வர்றது வெறும் தண்ணி. சர்க்கரைமானியை மிதக்கவிட்டுப் பாத்தேன், சர்க்கரை நூத்துக்கு ஒன்றரைதான். எண்பத்தாறை அதால வகுக்கணும்னு அப்பா சொன்னார். அரை வந்தா தொல்லை. ரெண்டையும் இரட்டிப்பாக்கி, நூத்தி எழுபத்திரண்டை மூணால வகுத்துட்டேன்." அவளுக்கே குஷி தாங்கவில்லை. "போன வாரம் ரெண்டு இருந்துச்சு, நாப்பத்திமூணு போதும். அரை குறைஞ்சதுக்குப் பதினாலு கேலன் ஏறிடுச்சு, பாத்தீங்களா!"

டீச்சர் தாமே மானியைத் தொட்டியில் விட்டார். அது ஆடி அடங்குவதற்குள் லோர்னாவுக்குப் பாதி உயிர் போயிற்று. ஒன்றரையில் நின்றது. டீச்சர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

கார் சரிவில் மறைந்ததும் லோர்னா மகளைக் கட்டிக்கொண்டாள். "நாப்பதுன்னு நம்பி முப்பது பேருக்கு ஆளுக்கொரு கேலன் தர்றதாச் சொல்லி வெச்சிருக்கேனே! ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கம்மா கேட்டே? சொல்லிக்கொடுத்துட்டேதானே இருந்தே."

சுருக்கென்று தைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"சரி, இப்ப கேக்கறேன். தொட்டியில ஆயிரத்து இருநூறு கேலன் இருக்கு. எவ்வளவு பாகு வரும்?"

"இருபத்தொண்ணு," என்றாள் மகள். "மிச்சம் ஒன்பது பேருக்கு நீதாம்மா பதில் சொல்லணும்."