கதவு சாத்தினால்தான் சம்பளம்

என் அக்கா வீட்டுக்காரர் விமானம் ஓட்டுகிறார் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, கறுப்பு டை எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிற பைலட்டை யார் எங்கே பார்த்திருக்கிறார்கள்? தொப்பி மட்டும் தலையில் இருக்காது. பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பார். தொப்பி நனைந்து வீணானால் புதுசுக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். தலை நனைந்தால் கம்பெனிக்குக் கவலையில்லை.

சின்னக் கம்பெனி. மொத்தம் மூன்று விமானம், ஒவ்வொன்றிலும் நாற்பது சீட். மூன்றில் ஒன்று எப்போதும் வயிற்றைத் திறந்துபோட்டு ரிப்பேரில் நிற்கும். மாமா அதில் கோ-பைலட். அதாவது கேப்டனுக்குப் பக்கத்து சீட்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. விமானத்தின் கதவு மூடியிருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் விமானிகளுக்குச் சம்பளம். கதவு நிலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. கதவு வந்து அதை அமுக்கினால் மீட்டர் ஓடும், திறந்தால் நின்றுவிடும். விடிவதற்குள் வந்து வானிலை பார்ப்பது, எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பது, டார்ச் அடித்துச் சக்கரத்துக்கு அடியில் குனிவது, ஆள் வராத நாளில் பெட்டி தூக்குவது எல்லாம் கதவு திறந்திருக்கும்போது நடப்பவை. ஆகையால் இவை வேலை இல்லை. அப்போ என்ன? அதற்கும் சட்டத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஓய்வு.

இதை நான் முதலில் கேட்டபோது இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் வீட்டில் பயன்படுத்த ஆரம்பித்தேன். மாமா சோபாவில் சாய்ந்தவுடன் வாசல் கதவைப் படாரென்று சாத்திவிட்டு, "மாமா, மீட்டர் ஓடுது, எந்திரிங்க" என்பேன். அக்கா என்னைவிட மோசம். "ஏங்க, கதவு சாத்தியிருக்கு. பாத்திரம் அப்படியே கெடக்கு" என்பாள். அவரும் சளைத்தவர் இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, "நான் இப்ப ஓய்வுல இருக்கேம்மா" என்று மறுபடி சாய்வார். எங்கள் வீட்டுக் கதவு அந்த வருஷத்தில் பட்ட அடி கொஞ்சநஞ்சம் இல்லை.

லீவு நாளில் மாமா பக்கத்து வீட்டுக்காரரின் காரை டாக்ஸியாக ஓட்டுவார். ஒரு தடவை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட ஆள், அடுத்த வாரம் விமானத்தில் ஏறும்போது இவரை ஓட்டுநர் அறையில் பார்த்துவிட்டார். "தம்பி, நீங்க டாக்ஸிதானே?" என்று நடுங்கிப்போய்க் கேட்டிருக்கிறார். "இன்னைக்கு இது சார்" என்றாராம் மாமா. அந்த மனிதர் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்த மாமா கடைசியில் சொன்னது, "ஆனா மாப்ள, டாக்ஸில வெயிட்டிங் சார்ஜ் உண்டுடா."

அவருக்கு இருந்த ஒரே ஆசை இடது பக்கத்து சீட். கேப்டன் சீட். அதற்கு இந்தக் கதவுக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் வேண்டும். அதுவும் அந்த மாதக் கடைசிக்குள். தவறினால் அடுத்த வருஷம்தான் மறுபடி பெயர் கொடுக்க முடியும். கேப்டனானால் மாதச் சம்பளம், கதவு எப்படி இருந்தாலும். அக்கா பிரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டி மிச்ச நேரத்தை அடித்து அடித்து எழுதிக்கொண்டு வந்தாள். மாதத்தின் கடைசி நாள் காலையில் அதில் நின்ற எண் நாற்பத்தெட்டு நிமிஷம். அன்றைக்கு அவருக்கு ஒரே பயணம், ஐம்பத்தைந்து நிமிஷம்.

"நீயும் அந்த விமானத்துல போடா" என்றாள் அக்கா. சீட் காலியாக இருந்தால் வீட்டு ஆளுக்கு இலவசம். "அவரு கேப்டன் ஆன நிமிஷம் எனக்கு மெசேஜ் பண்ணு."

நான் சும்மா போகிற ஆளா? காத்திருக்கும் கூடத்தில் பயணிகள் ஒவ்வொருத்தரிடமும் போய், "கதவு மூடின நாப்பத்தெட்டாவது நிமிஷம் நான் கையத் தூக்குவேன், எல்லாரும் கை தட்டணும்" என்று சொல்லி வைத்தேன். முப்பத்தொரு பேர் சரி என்றார்கள். ஒரு பாட்டு வாத்தியார், எந்தத் தாளத்தில் என்று கேட்டார். காது மந்தமான வக்கீல் ஒருத்தர், "எப்போ, எப்போ?" என்று நாலு தடவை கேட்டார். "யாராவது எந்திரிச்சு நின்னா தட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பனிமூட்டம் இறங்கியது. ஓடுபாதை எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரமும் மாமா சட்டப்படி ஓய்வில் இருந்தார். ஓய்வில் இருந்துகொண்டே அரை மணிக்கு ஒரு தடவை வானிலை அறைக்கு ஓடினார். ஓய்வில் இருந்துகொண்டே முப்பத்தொரு பேரின் பெட்டியையும் ஏற்றினார், எடை சரியில்லை என்று இறக்கினார், மறுபடி ஏற்றினார். முந்தின நாள் ராத்திரியும் அவர் வீட்டுக்கு வரவில்லை, ஏர்போர்ட்டிலேயே தங்கிவிட்டார். விமானிகள் அறையில் நாலு கட்டில், எட்டுப் பேர். இவருக்குக் கிடைத்தது மேசை.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு கதவு ஓரத்திலேயே நிற்பார். ஒரு நிமிஷம் முன்னால் கதவைச் சாத்தினால் அவர் உயிரே போய்விடும். பனி விலகியதும்தான், "சரி, சாத்துங்க" என்றார். பணிப்பெண் சாத்தினார். க்ளக். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மீட்டர் ஓட ஆரம்பித்தது.

ஆனால் நாங்கள் ஓடவில்லை, ஏறின இடத்திலேயே நின்றோம். எங்களுக்கு முன்னால் பெரிய கம்பெனி விமானங்கள் வரிசையில் நின்றன. நல்லதுதான் என்று நினைத்தேன், நின்றாலும் கதவு மூடியிருக்கிறதே. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பதினான்காவது நிமிஷம் ஒலிபெருக்கி கரகரத்தது. மாமா குரல்.

"பயணிகளுக்கு வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நமக்கு முன்னாடி மூணு விமானம் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல…" கொஞ்சம் இடைவெளி. "கதவு சாத்தியாச்சும்மா. பாத்திரத்தப் போடு, கழுவிடறேன். டம்ளர் தனியா வையி."

விமானமே குலுங்கிச் சிரித்தது. பாட்டு வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவர் விளையாட்டுக்குப் பேசும் குரல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது அவர் சோபாவில் தூங்கிக்கொண்டே அக்காவுக்குப் பதில் சொல்லும் குரல். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

ஓட்டுநர் அறைக் கதவு திறந்தது. மாமா வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. நேராக என்னைப் பார்த்தார்.

"நான் என்னடா சொன்னேன் மாப்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் எனக்குச் சுலபம். இன்னும் முப்பத்துநாலு நிமிஷம்தான். கேப்டன் பக்கத்தில் இருக்கிறார், விமானம் விழுந்துவிடாது. "வணக்கம் சொன்னீங்க மாமா" என்றால் முடிந்தது.

"பாத்திரம் கழுவறேன்னு சொன்னீங்க மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே கேப்டனிடம் ஏதோ சொன்னார். எஞ்சின் அடங்கியது. பிறகு தானே போய்க் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தார்.

நின்றது மீட்டர்.

"நான் முழிச்சுக்கிட்டே தூங்கிட்டேங்க. இன்னைக்கு என்னால ஓட்ட முடியாது" என்றார் எல்லோரையும் பார்த்து. பிறகு எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது பார்த்து, வக்கீல் பலமாகக் கை தட்ட ஆரம்பித்தார். யாரோ எழுந்து நிற்கிறார்கள், அவருக்கு அது போதும். பக்கத்தில் இருந்தவர் தயங்கிவிட்டு அவரும் தட்டினார். பிறகு வாத்தியார், தாளத்தோடு. "எங்க வீட்டுக் கல்யாணம் போச்சு, இதுக்குப் போய்த் தட்டறீங்களேய்யா!" என்று ஒரு அம்மா கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ரெண்டு தட்டு தட்டினார்.

ஸ்டாப்வாட்ச் படியேறி ஓடி வந்தார். "என்னய்யா இது? ஆறு மணி நேரம் ஓய்வு எடுத்துட்டு இப்பத் தூக்கம் வருதுன்னா எப்படி?"

"ஓய்வா?" என்றார் கல்யாணத்து அம்மா. "எம் பொட்டிய மூணு தடவ தூக்குனாரு. அது இட்லிப்பானை மாதிரி கனம். நீ வந்து ஒரு தடவ ஓய்வெடு பாப்போம்."

ஸ்டாப்வாட்ச் ஒரு படி பின்வாங்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்: பதினான்கு நிமிஷம். வேறொரு கோ-பைலட்டை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். முப்பத்தொரு பேரும் இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணத்தில் பந்தி மட்டும் கிடைத்ததாம்.

மாமாவை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து நான் மிதித்தேன். தொப்பிப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் முதுகிலேயே சாய்ந்துவிட்டார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "உங்கக்காகிட்ட யாருடா சொல்றது?"

"மெசேஜ் பண்ணிட்டேன் மாமா."

"என்னன்னு?"

"வர்றோம்னு."

அக்கா வாசலில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஷூவக் கழட்டிட்டுப் போய்ப் படுங்க" என்றாள். அவர் ஷூவோடு போய்ப் படுத்தார். "பதினாலு நிமிஷம்தான் ஓடுச்சு" என்றேன் அக்காவிடம். அவள் உள்ளே போய் பிரிட்ஜில் நாற்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்துநாலு என்று எழுதினாள். காகிதத்தைக் கிழிக்கவில்லை.

நான் அறைக் கதவைச் சாத்தினேன். படாரென்று இல்லை, மெதுவாக, பூட்டு நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு.

"மீட்டர் ஓடுதாடா?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"ஓடுது" என்றேன்.

உள்ளேயிருந்து மாமா தூக்கத்தில் சொன்னார்: "டம்ளர் தனியா வையி."