எங்கள் வாசலில் எருக்கு

எருக்கு முளைத்த வீடு உருப்படாது என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். யாரையாவது சபிக்கும்போதுகூட, உன் வாசலில் எருக்கு முளைக்க என்றுதான் சபிப்பார்கள். அதுவும் தானாக முளைத்தால். நானோ வேண்டுமென்றே நட்டு, தினமும் தண்ணீரும் ஊற்றினேன்.

ஐம்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் திடலுக்குப் பக்கத்தில் அரசாங்க வேலைக்காரர்களின் குவார்ட்டர்ஸ், வரிசை வீடுகள். எனக்குப் பத்து வயதிருக்கும். சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப்போய், இரும்புப் பட்டை மாட்டித்தான் நடப்பேன். மாலையில் பிள்ளைகள் எல்லாம் திடலில் பட்டாம்பூச்சி துரத்தி ஓடுவார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் ஒருத்தி ஊறுகாய் பாட்டிலில் ஒரு பூச்சியை அடைத்துக்கொண்டு வந்து, "பாவம், நீ வெச்சுக்கோ" என்று நீட்டினாள். அதற்கு இறக்கையில் பாதி இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் திறந்து விட்டேன், அது பறக்கவில்லை. யாரும் எனக்குப் பிடித்துத் தர வேண்டாம், அதுவாக வரட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் பிஸ்கட் டின்களில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்தேன். பட்டாம்பூச்சிகள் வந்தன, தேனைக் குடித்தன, பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிய ஆள் மாதிரி திரும்பிப் பார்க்காமல் போயின. அவை தங்க வேண்டுமென்றால் முட்டையிட இடம் வேண்டும் என்பது நாங்கள் போகும் கோயிலின் பின்பக்கம்தான் எனக்குப் பிடிபட்டது. அங்கே மதிலோரம் நின்ற எருக்கில், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. மேலே ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் சுற்றின. அப்பாவிடம் ஒரு கிளை கேட்டேன். அப்பா அதிகம் பேசாதவர். பூசாரியிடம் சொல்லிவிட்டு ஒடித்து, பழைய பேப்பரில் சுற்றி, சைக்கிளில் கட்டினார். "எருக்கம்பாலு கண்ணுல பட்டுடாம பாத்துக்க" என்றார், அவ்வளவுதான்.

செடி என் இடுப்பளவு வளர்ந்தபோது குவார்ட்டர்ஸ் முழுக்க அதுதான் பேச்சு. அம்மா வாயைத் திறக்கவில்லை, ஆனால் அந்தப் பக்கமே போக மாட்டாள். நேரில் பேசியவள் பக்கத்து வீட்டு அத்தை. உறவு ஒன்றுமில்லை, எல்லாருக்கும் அத்தை.

"இது நிக்கிற வரைக்கும் இந்தப் புள்ள கால் நேராவாதுலா," என்றாள் அம்மாவிடம், நான் கேட்கும்படியே.

"கால் மொதல்ல போச்சு அத்தை. செடி அப்புறந்தான் வந்துச்சு," என்றேன்.

எனக்கு வாய் நீளம் என்றாள். நீளம்தான்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் பாராங் கத்தியோடு வந்து நின்றாள். அம்மாதான் வரச் சொல்லியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பாதி முகத்தோடு அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. கத்தியைவிட அதுதான் எனக்குச் சுட்டது. இலைகளுக்கு அடியில் தங்கப் புள்ளி வைத்த பச்சைக் கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் செடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இரும்புப் பட்டைக் காலை அத்தைக்கு நேராக நீட்டினேன்.

"வெட்டணும்னா மொதல்ல இத வெட்டுங்க. வெளங்காதது இதுதானே?"

அத்தை கத்தியைத் தாழ்த்திக்கொண்டு போனாள். அம்மா உள்ளே போய் அழுதாள். அழட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அந்த வாரமே விநாயகர் சதுர்த்தி. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போடாமல் எந்த வீட்டிலும் பூசை இல்லை. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைகளில் அன்றைக்கு எருக்கு தீர்ந்துவிட்டதாம். விடிந்ததும் அத்தை தலை குளித்து, பட்டுப்புடவை கட்டி, தாம்பாளத்தோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"சாமிக்கு ஒரு மாலைக்குப் பூ வேணும்."

"சாமி கழுத்துக்கு ஆவுது, எங்க வாசலுக்கு மட்டும் ஆவாதா அத்தை?"

"சாமி வேற, நாம வேறம்மா."

"அப்ப சாமிகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க."

அம்மா வெளியே வந்தாள். எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். அவள் முதல்முறையாகச் செடியருகே போய், கிளைகளைக் கையால் விலக்கிப் பார்த்தாள்.

"பறிச்சுக்குங்க," என்றாள் அத்தையிடம். "கூடு தொங்குற கெளைய மட்டும் தொடாதீங்க."

அத்தை அப்படியே பறித்துக்கொண்டு போனாள். அடுத்தடுத்த நாட்களில் கூடுகள் வெடித்தன. ஈர இறக்கையைக் காயவைத்தபடி ஆரஞ்சுப் பூச்சிகள் செடியெங்கும் தொங்கின. செய்தி திடலுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தார்கள், ஊறுகாய் பாட்டில்காரியும்தான். யாரும் கையை நீட்டக் கூடாது என்றேன். நீட்டவில்லை. பாவம் என்றும் எவரும் சொல்லவில்லை.

என் கால் கடைசிவரை நேராகவில்லை. அதற்காக நான் காத்துக்கொண்டு உட்காரவுமில்லை. அன்று முதல், பட்டாம்பூச்சி பார்க்க ஆசைப்பட்டவர்கள்தான் என்னிடம் நடந்து வர வேண்டியிருந்தது.