மஸ்கட் வரை உருண்ட சக்கரம்

எங்கள் ஆழ்வார்குறிச்சிப் பள்ளியின் கணினி அறையில் ஒரு மவுஸின் சக்கரம் பல நாளாக வேலை செய்யவில்லை. எவ்வளவு உருட்டினாலும் பக்கம் நகராது.

இன்று கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இது சக்கரமே இல்லாத பழைய மவுஸ் என்று அதில் எழுதியிருந்தது. பாவம், சக்கரம் இருப்பதே கணினிக்குத் தெரியாது. ஒரே ஒரு வரியைத் திருத்தினேன்.

சோதித்துப் பார்க்க இணையத்தில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து உருட்டினேன்.

பள்ளி சிறுத்தது. தாமிரபரணி நூலாகிப் புன்னக்காயலில் கடலுக்குள் இறங்கியது. விரல் நிற்கவில்லை. மேற்கே அரபிக்கடல் தாண்டி மஸ்கட் வந்தது.

சக்கரத்தை எதிர்ப்பக்கம் உருட்டினேன். தெரு தெரிந்தது. என் மனைவி தங்கியிருக்கும் கட்டடத்தின் வெள்ளை மொட்டைமாடி தெரிந்தது. அவள் அங்கே நர்ஸ். இரவு டூட்டி முடித்து இந்நேரம் தூங்குவாள், போன் போடக் கூடாது.

பக்கத்தில் வந்து நின்ற கணக்கு டீச்சர் கேட்டார்: "ஏன் சார் இவ்வளவு பைய உருட்டுதிய? இன்னும் சரியாகலையா?"

"சரியாயிட்டு டீச்சர். அவ தூங்குதா."

அறையில் இதேபோல் சரிசெய்ய இன்னும் மூன்று மவுஸ் பாக்கி இருக்கிறது. உங்களில் யாருக்கு யாரை எட்டிப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.