திருஷ்டிக்குத் தொங்கிய நாயகி

சூப்பர்ஹீரோ படங்களில் வரும் நாயகி, வில்லி பொம்மைகளை நான் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். பல மாதமாகத் தேடிய வில்லியை இன்று குற்றாலத்தில் ஒரு பொம்மைக் கடையில் பார்த்தேன்.

கழுத்தில் கயிறு, முகமெல்லாம் குங்குமம். எலுமிச்சை, மிளகாயோடு வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஆம்பள வில்லன் எங்க அண்ணாச்சி?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கான்லா. அவனுக்குத்தான் கிராக்கி."

பக்கத்தில் இன்னொருத்தியும் தொங்கினாள். உலகத்தையே காப்பாற்றுகிற நாயகி!

"இவ நல்லவதான அண்ணாச்சி?"

"நல்லவதாம்மா. ஆனா மொறச்சிப் பாக்கால்லா, கடைக்குக் கண்ணு படாது."

இருவரையும் இறக்கச் சொல்லி வாங்கி வந்தேன். பஸ்ஸில் எவ்வளவு துடைத்தும் குங்குமம் போகவில்லை. அணைந்திருந்த செல்போனில் என் முகம் தெரிந்தது. நானும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் ஊரில் எங்களை எந்தக் கடை வாசலில் தொங்கவிடுகிறார்கள்?