கிளிக் செய்தும் திறக்காத முத்தம்மா மலை

நனைந்த ஸ்வெட்டரும் சூடேறிய மொனிட்டரும் சேர்ந்து ஒரு வாசம் வரும்... ஹட்டனில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரின் வாசம் அது. இரண்டாயிரத்து நாலோ, அஞ்சோ.

றொசல்லைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போதுதான் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்காக எங்கள் சென்டரில் ஒரு வெப்சைட் செய்தோம். திரையில் தோட்டத்தின் படம் இருக்கும். எந்த மலையைக் கிளிக் செய்தாலும் அதன் கதை திறக்கும். கதைகளைச் சேர்த்து எழுதும் பொறுப்பு எனக்கு. தொழிலாளர் லயத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை! தலைகால் புரியவில்லை எனக்கு.

கம்பனி மேப்பில் மலைகளுக்கு வெறும் நம்பர்தான். பெயர்களை அம்மாதான் சொன்னார். காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர் ஆச்சே.

ஏழாம் நம்பருக்கு முத்தம்மா மலை என்று பெயர். முத்தம்மா என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. நான் பிறப்பதற்கு முன்பே ஓர் அடைமழையில் மண் சரிந்து, கூடையோடு அங்கேயே போய்விட்டாராம். உடல் கிடைக்கவில்லை. அதனால் அந்த மலையில் ஏறும் பெண்கள் முதல் கிள்ளுக் கொழுந்தைக் கூடையில் போட மாட்டார்கள். "இந்தாடி முத்தம்மா" என்று தேயிலைத் தூரில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

அப்படியே எழுதினேன். சென்டர் முதலாளி படித்துவிட்டு, "டூரிஸ்ட்டுங்க சந்தோசமா சுத்திப் பாக்க வர்றாங்கம்மா. சாவுக் கதை எதுக்கு? தூக்கிருங்க" என்றார்.

தூக்கிவிட்டேன். வேலை போய்விடுமோ என்று பயம். அம்மாவிடம் மூச்சுகூட விடவில்லை.

வெப்சைட் முடிந்ததும் பார்க்க வேண்டுமென்று அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். துரை பங்களாவைத் திறந்து காட்டினேன். பேக்டரியைக் காட்டினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் புள்ள. நம்ம முத்தம்மாவக் காட்டு."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கிள்ளுக் கொழுந்து... அதை எடுத்து மவுஸ் பக்கத்தில் வைத்தார். திரையில் இருந்தாலும் அது அவருக்கு முத்தம்மா மலைதான்.

கிளிக் செய்தேன். நம்பர் மட்டும் வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லியா?"

"இல்லம்மா... நான்தான் எடுத்துட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். கொழுந்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சரி விடு புள்ள. நாளைக்கி அங்கேயே வச்சுர்றேன்."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வெப்சைட் இப்போது இல்லை. முகவரியைத் தட்டினால் வெள்ளைத் திரைதான் வருகிறது. அம்மாவும் இல்லை.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி, "இன்னைக்கி முத்தம்மா மலைக்கிப் போங்க" என்று சத்தம் போட்டார். நானும் அவர்கள் பின்னாலேயே ஏறினேன். சித்தியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிள்ளைகள் ஆளுக்கொரு கிள்ளு எடுத்துத் தூரில் வைத்தார்கள்.

நானும் ஒரு கிள்ளு எடுத்துக் குனிந்தேன். 'மன்னிச்சிரு சித்தி' என்று சொல்லத்தான் நினைத்தேன்...

"அம்மா" என்றுதான் வந்தது.